என்ன கிரேட்? கூரை திறக்கும் கார்களும் ஓர் ஏணியின் கதையும்

இலங்கையில் ஒரு காரைப் பற்றிக் கதை தொடங்கினால், இரண்டாவது கேள்வி அநேகமாக 'என்ன கிரேட்?' என்பதுதான். வெகன் ஆர் என்றால் எஃப்எக்ஸா எஃப்ஸெட்டா, அக்வா என்றால் எஸ்ஸா ஜீயா என்று கேட்பார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோதும் இந்தக் கேள்வி நிற்கவில்லை. 2025இல் கப்பல்கள் திரும்ப வரத் தொடங்கியதும் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. யப்பான் கார்களோடு சேர்ந்து எங்கட ஊருக்கு வந்திறங்கிய சொல் அது.

அந்த எழுத்து அப்படி என்னதான் செய்கிறது? பெரும்பாலும் ஒரே தகட்டு உடம்பு, ஒரே எஞ்சின், ஒரே தொழிற்சாலை. சீற் துணி, சில்லு, ரேடியோ, கண்ணாடி இறக்கும் சுவிட்ச் என்று கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அதோடு விலையும் மாறும். விலையோடு வாங்குகிறவரின் மதிப்பும் மாறுகிறது என்று நாங்கள் சொல்லாமலே நம்பிக்கொள்கிறோம்.

இந்த ஏணி எங்கிருந்து வந்தது என்று பார்க்க நாம் எடுத்துக்கொள்வது குடும்பக் கார் அல்ல. இரண்டே இரண்டு சீற்றும் மடித்துவிடக்கூடிய துணிக் கூரையும் உள்ள ஸ்போர்ட்ஸ் காரை எடுப்போம். ஏன் அது? குடும்பக் காரில் வசதி கூடக் கூட நல்லது என்று சொன்னால் பெரிய பிழையில்லை. பிள்ளைகள் இருப்பார்கள், வெயில் எரிக்கும், ஏசி வேணும். ஆனால் கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார் யாருக்கும் 'தேவை' இல்லை. அரிசி மூட்டை ஏத்த ஏலாது, அம்மம்மாவைப் பின்னுக்கு இருத்த ஏலாது. ஓட்டுகிற சந்தோசத்துக்காக மட்டும் வாங்குகிற பொருள் அது. அதில் ஏற்றுகிற ஒவ்வொரு வசதியும் நிறையைக் கூட்டும், நிறை கூடினால் அந்தச் சந்தோசம் குறையும். அதனால் ஏணியில் மேலே ஏறினால் நல்லது என்ற நம்பிக்கை முதலில் உடைவது இங்கேதான்.

திறந்த கார் மலிவாக இருந்த காலம்

ஹென்றி ஃபோர்டின் மொடல் ரி 1908இல் வந்தது. 1914 முதல் 1925 வரை அதைக் கறுப்பு நிறத்தில் மட்டும்தான் வாங்கலாம். ஒரே காரை லட்சக்கணக்கில் செய், விலையைக் குறை என்பதுதான் ஃபோர்டின் கணக்கு. 1925இல் அதன் ஆக மலிந்த வடிவத்தின் விலை 260 டொலர். அது இரண்டு பேர் இருக்கக்கூடிய, துணிக் கூரை போட்ட திறந்த கார். நாலு பக்கமும் கண்ணாடியும் தகட்டுக் கூரையும் வைத்த மூடிய கார்தான் அந்தக் காலத்தில் வசதியானவர்களுக்கு உரியது. கூரை திறந்திருப்பது அப்போது காசு குறைவு என்பதன் அடையாளம்.

ஜெனரல் மோட்டர்ஸின் தலைவர் அல்பிரட் ஸ்லோன் வேறு விதமாக யோசித்தார். ஒவ்வொரு பணப்பைக்கும் ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு கார் இருக்க வேண்டும் என்ற கருத்தை 1924இல் பங்குதாரர்களுக்கான அறிக்கையில் முன்வைத்தார். ஆகக் கீழே ஷெவ்ரோலே, ஆக மேலே கடிலக், நடுவில் மற்றப் பெயர்கள். இளமையில் கீழ்ப்படியில் ஏறுகிறவர் சம்பளம் கூடக் கூட மேலே வர வேண்டும் என்பது திட்டம். கையில் இருக்கிற கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது போதாது என்று தோன்ற வைக்க வேணும். ஃபோர்டால் அதோடு போட்டி போட முடியவில்லை. 1927இல் மொடல் ரி நின்றுபோனது.

பிறகு அந்த ஏணி ஒரே பெயருக்குள்ளும் புகுந்தது. 1955ஆம் ஆண்டு ஷெவ்ரோலேயை எடுங்கள். ஒரே உடம்பு, ஒன்-ஃபிஃப்ரி, ரூ-ரென், பெல் எயார் என்று மூன்று படிகள். மேலே போகப் போக வெளியில் குரோமும் உள்ளே கம்பளமும் நல்ல துணியும் கூடும். 1955 முதல் 1957 வரை திறந்த கூரை வேணும் என்றால் பெல் எயாரில் மட்டும்தான் கிடைக்கும். காற்று முகத்தில் அடிக்க வேணும் என்று ஆசைப்பட்டவர் குரோமையும் கம்பளத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. முப்பது வருசத்துக்குள் திறந்த கூரை ஏணியின் அடியிலிருந்து உச்சிக்குப் போய்விட்டது.

இந்த ஏணியின் உச்சி ஓர் இடத்தில் நிற்பதில்லை. 1958இல் பெல் எயாருக்கு மேலே இம்பாலா வந்தது. 1965இல் இம்பாலாவுக்கு மேலே கப்ரீஸ் வந்தது. உச்சியில் இருந்த பெல் எயார் படிப்படியாகக் கீழிறங்கி, 1970களில் அமெரிக்காவில் அந்த வரிசையின் ஆகக் கீழ்ப்படியாக முடிந்தது. ஒருவர் பெருமையோடு வாங்கிய பெயர், அவருடைய பிள்ளை கார் வாங்குகிற காலத்தில் மலிந்த காரின் பெயர். கிரேட் எழுத்துக்காகக் காசு கொடுக்கும்போது நாம் வாங்குவது இந்த மாதிரித் தேய்ந்துபோகிற ஒன்றைத்தான்.

ஹீற்றருக்கும் தனிக் காசு

பிரித்தானியக் கதை வேறு. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் பல காலம் ஓடிய ஒஸ்ரினும் மொறிஸும் 1952இல் இணைந்து பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேஷன் என்ற நிறுவனமாயின. எங்கட ஊர்க்காரருக்குத் தெரிந்த அந்தக் குடும்பத்திலிருந்தே உலகத்தின் பெயர்போன மலிவான ஸ்போர்ட்ஸ் கார்களும் வந்தன.

1958இல் வந்த ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைட்டுக்கு வெளிப்பக்கக் கதவுப்பிடி இல்லை. பின்பெட்டிக்கு மூடியும் இல்லை. பொருட்கள் வைக்க வேண்டுமென்றால் சீற்றை முன்னுக்குச் சரித்து, உள்ளுக்கால் கையை விட்டுத் தள்ள வேணும். முன்விளக்குகளை மடித்து மறைக்கிற மாதிரித்தான் முதலில் யோசித்தார்கள். செலவு கூடும் என்று கைவிட்டு, விளக்குகளை மூடியின் மேலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் வந்த தவளை முகத்துக்காகத்தான் இன்றைக்கும் அந்தக் காரை ஆட்கள் தேடித் திரிகிறார்கள். காசு மிச்சம் பிடிக்கச் செய்த வேலை காரின் அடையாளமாகிவிட்டது.

1962இல் எம்.ஜி.பி. வந்தது. ஆரம்ப வருடங்களில் இங்கிலாந்தில் அதை வாங்கியவருக்கு ஹீற்றரும் மேலதிகப் பொருள்தான். இங்கிலாந்துக் குளிரில், துணிக் கூரைக் காரில், ஹீற்றருக்குத் தனிக் காசு! கம்பிச் சில்லுக்கும் தனிக் காசு. நெடுந்தெருவில் எஞ்சின் சுழற்சியைக் குறைத்து ஓட உதவும் ஓவர்டிரைவுக்கும் தனிக் காசு. விளம்பரத்தில் போடுகிற விலையைக் குறைவாகக் காட்டுவது நிறுவனத்தின் தந்திரம். அது உண்மை. ஆனால் அமெரிக்க முறைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே படி முழுவதையும் வாங்க வேணும். இங்கே பட்டியலைப் பார்த்து, ஓவர்டிரைவ் வேணும், கம்பிச் சில்லு வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யலாம். தனக்கு என்ன வேணும் என்று வாங்குகிறவர் யோசித்தே ஆக வேண்டும்.

அதே பிரித்தானியாவில் சாதாரணக் கார்களில் ஏணி வேறு வேலை பார்த்தது. 1970இல் வந்த ஃபோர்ட் கோர்ட்டினாவின் மூன்றாவது வடிவத்துக்கு அடிப்படை, எல், எக்ஸ்எல், ஜீரி, ஜீஎக்ஸ்எல் என்று ஐந்து படிகள். கம்பனிகள் ஊழியருக்குக் கார் கொடுத்த காலம் அது. அலுவலகத்தில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் காரின் பின்பக்கத்து எழுத்தே சொல்லிவிடும். அந்த எழுத்து இருப்பது பின்பக்கத்தில். ஓட்டுகிறவரின் கண்ணுக்கு அது படாது. பின்னால் வருகிறவருக்காக எழுதியது அது.

மலிவாகப் பிறந்த ஒரு பெயர்

நியூயோர்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்துகொண்டிருந்தவர் மக்ஸ் ஹொஃப்மன். போர்ஷே 356 நல்ல கார்தான், ஆனால் அமெரிக்க இளைஞர்களுக்கு விலை கூட என்பது அவருடைய முறைப்பாடு. 3000 டொலருக்குள் ஒரு திறந்த கார் தாருங்கள் என்று கேட்டார். 1954இல் ஸ்பீட்ஸ்டர் வந்தது. விலை 2995 டொலர். முன்கண்ணாடி பதிவு, கூரைத் துணி மெல்லியது, பக்கங்களில் ஏற்றி இறக்கும் கண்ணாடி இல்லை. எஞ்சின் சுழற்சி காட்டும் மானிக்கும் ஹீற்றருக்கும்கூடத் தனிக் காசு.

இது போர்ஷே ஏணியின் கீழ்ப்படி. ஆனால் கலிபோர்னியாவில் வார இறுதி ஓட்டப் பந்தயத்துக்குப் போகிற ஆட்களுக்கு இந்தக் கீழ்ப்படிதான் பிடித்துக்கொண்டது. நிறை குறைவு. முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நேரே பந்தயத்துக்குப் போகலாம். நடிகர் ஜேம்ஸ் டீன் 1955இல் பந்தயம் ஓடியதும் ஒரு ஸ்பீட்ஸ்டரில்தான். 1958இல் உயர்ந்த கண்ணாடியும் ஏற்றி இறக்கும் பக்கக் கண்ணாடியும் வைத்த வேறொரு வடிவம் அதன் இடத்துக்கு வந்தது.

மிச்சக் கதைதான் விசயம். இன்றைக்குப் பழைய 356 கார்களில் அந்த மலிவான ஸ்பீட்ஸ்டருக்கு, அதே காலத்து வசதியான திறந்த காரை விட விலை கூட. 2019இல் போர்ஷே அதே பெயரில் 911 ஸ்பீட்ஸ்டர் என்று ஒன்றை வெளியிட்டது. நிறுவனம் தன் முதல் காரைப் பதிவு செய்த 1948ஆம் ஆண்டின் நினைவாக 1948 கார்கள் மட்டும். அமெரிக்க விலை 274,500 டொலர். காசில்லாத இளைஞருக்கென்று பிறந்த பெயர் காசுக்காரரின் அலுமாரிப் பொருளாகிவிட்டது. 'குறைவே நிறைவு' என்று யாராவது சொன்னால் நாம் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான். குறைவையும் கூடிய விலைக்கு விற்கலாம்.

1989: ஏ எடுப்பதா, பி எடுப்பதா?

எம்.ஜி.பி. தயாரிப்பு 1980இல் நின்றது. பிரித்தானிய மலிவு ஸ்போர்ட்ஸ் கார்களின் காலம் முடிந்துபோன மாதிரி இருந்தது. அதற்கு முந்திய வருடம், பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டர் பத்திரிகையாளர் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் ஒரு யோசனை சொன்னார்: பழைய பிரித்தானியக் கார் மாதிரி எளிமையான, ஆனால் நம்பி ஓடக்கூடிய ஒரு திறந்த காரை நீங்கள் செய்யலாமே. பத்து வருடம் கழித்து, 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 மியாட்டா வந்தது. தலைமைப் பொறியியலாளர் தொஷிஹிக்கோ ஹிராய். குதிரையும் அதில் ஏறியவரும் ஓருடலாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு.

அமெரிக்காவில் அடிப்படை விலை 13,800 டொலர். அதற்கு என்ன கிடைக்கும்? இரும்புச் சில்லு, கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி, பவர் இல்லாத ஸ்டியரிங். ரேடியோ இல்லை. இன்னும் காசு கொடுத்தால் 'ஏ' தொகுதி: பவர் ஸ்டியரிங், அலோய் சில்லு, தோல் சுற்றிய ஸ்டியரிங் வளையம், கசற் போடும் ரேடியோ. அதற்கும் மேலே 'பி' தொகுதி: இவற்றோடு பவர் கண்ணாடி, ஒரே வேகத்தில் தானாக ஓடும் குரூஸ் வசதி, தலையணைக்குள் ஸ்பீக்கர். ஏசிக்குத் தனிக் காசு. லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்ற பொருளுக்கும் தனிக் காசு.

அந்தக் கடைசிப் பொருளைக் கொஞ்சம் விளக்க வேணும். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், உட்பக்கச் சில்லு குறையத் தூரம். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுவதுதான் டிஃபரன்ஷியலின் வேலை. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு குறை இருக்கிறது. வளைவில் வேகமாகப் போகும்போது உட்பக்கச் சில்லின் பாரம் குறைந்து பிடி விட்டால், அந்தச் சில்லு சும்மா சுழலும், எஞ்சினின் பலம் வீணாகும். லிமிட்டட் ஸ்லிப் அந்த வீண் சுழற்சியை அடக்கி, பிடி உள்ள சில்லுக்கும் பலத்தை அனுப்பும். ஷோரூமில் நிற்கிற காரில் இது கண்ணுக்குத் தெரியாது. தொட்டுப் பார்க்கவும் ஏலாது. ஆனால் அந்தக் கார் எதற்காக இருக்கிறதோ அந்த வேலையில் தெரியும்.

இப்போது வாங்குகிறவரின் இடத்தில் நின்று பார்ப்போம். அடிப்படைக் காரில் பவர் ஸ்டியரிங் இல்லை. நிறுத்தும் இடத்தில் வளைக்கக் கை நோகும். ஆனால் கார் ஓடத் தொடங்கியதும், தெருவில் ரயர் என்ன செய்கிறது என்பதை அந்த ஸ்டியரிங் கைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கண்ணாடியைக் கையால் சுற்றலாம், அதில் பழுதாக மோட்டர் இல்லை. ரேடியோவைப் பிறகு எந்தக் கடையிலும் வாங்கிப் பூட்டலாம். சில்லையும் மாற்றலாம். ஆனால் டிஃபரன்ஷியலை மாற்ற வேண்டுமென்றால் காரின் அடிப்பக்கத்தைக் கழற்ற வேணும். அதனால் கேட்க வேண்டியிருந்தது ஏயா பியா என்றல்ல. பிறகு பூட்டக்கூடியது எது, பூட்டக் கடினமானது எது என்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேணும். தெரிவெல்லாம் தாளில்தான். முதல் வருடத்தில் காரைத் தேடி ஆட்கள் முண்டியடித்தபடியால், பல விற்பனையாளர்கள் அறிவித்த விலைக்கு மேலே காசு கேட்டார்கள். கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனவர்களும் அதிகம்.

ஏணி இரண்டு பாதையாகப் பிரிந்தது

யப்பானில் இந்தக் கார் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. நிறை 940 கிலோ. அங்கே நடந்தது ஏணியின் வரலாற்றில் முக்கியமானது. 1990இல் 'வி ஸ்பெஷல்' வந்தது. கடும் பச்சை நிறம், மண்நிறத் தோல் சீற், நார்டி நிறுவனத்தின் மரத்தாலான ஸ்டியரிங் வளையம். பழைய பிரித்தானியக் காரின் கனவைத் தேடுகிறவருக்கு அது. 1992இல் 'எஸ் ஸ்பெஷல்' வந்தது. பில்ஸ்டைன் ஷொக் அப்சோபர் வைத்து இறுக்கமாகச் செய்த கார், மலைப்பாதை வளைவுகளைத் தேடுகிறவருக்கு.

இதில் எது மேல், எது கீழ்? அந்தக் கேள்விக்கு இங்கே அர்த்தமில்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்ற படிகள் பக்கம் பக்கமாக இரண்டு பாதைகளாகிவிட்டன. அமெரிக்காவிலும் 1994இல் அதுவே நடந்தது. நீல நிறத்தில் தோலும் மரமும் வைத்த 'எம் எடிஷன்' ஒரு பக்கம். இறுக்கமான ஸ்பிரிங், பில்ஸ்டைன், லிமிட்டட் ஸ்லிப் வைத்து, பவர் ஸ்டியரிங் இல்லாமல் வந்த 'ஆர்' தொகுதி மறுபக்கம். எதை எடுப்பது என்று தெரிய, நான் எப்படி ஓட்டப் போகிறேன் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

2015இல் விற்பனைக்கு வந்த நான்காவது தலைமுறையில் அமெரிக்கப் பட்டியல் ஸ்போர்ட், கிளப், கிராண்ட் ரூரிங் என்று மூன்று. ஆகக் கூடிய விலை கிராண்ட் ரூரிங்குக்கு. தோல் சீற், சூடேறும் சீற், தானாக இயங்கும் ஏசி எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஆரம்பத்தில் லிமிட்டட் ஸ்லிப்பும் பில்ஸ்டைனும் அதில் இல்லை. அவை நடுப்படியான கிளப்பில், அதுவும் கையால் கியர் மாற்றும் காரில்தான் இருந்தன. உச்சிப்படிக்குக் காசு கொடுத்தவர், அந்தக் கார் பிறந்த காரணத்துக்கு உதவுகிற பாகங்களை விட்டுவிட்டுப் போனார். இரண்டும் வேணும் என்று கேட்டவர்களுக்காக 2019 மொடலில் இவற்றைக் கிராண்ட் ரூரிங்கிலும் சேர்க்கிற தொகுதி ஒன்று வந்தது. வேலைக்குப் போய்வரும் பாதையில் மட்டும் ஓட்டுகிறவருக்குப் பழைய கிராண்ட் ரூரிங்கே சரியான தெரிவாக இருந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிர்நாட்டில் கூரையைத் திறந்து ஓட்டச் சூடான சீற் நல்ல துணை.

யப்பானில் ஆகக் கீழ்ப்படியின் பெயர் 'எஸ்'. 1.5 லீற்றர் எஞ்சின், நிறை 990 கிலோ. அதில் லிமிட்டட் ஸ்லிப் இல்லை, பின்பக்கச் சாய்வைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியும் இல்லை. காற்றுப்பையும் மோதல் பாதுகாப்பும் கூடிய காலத்தில், 1989 காரை விட 50 கிலோதான் கூட. பட்டியலில் இது ஏழைக் கார். ஆனால் மெதுவான வேகத்திலும் உயிரோடு அசைகிற கார் என்று ஓட்டியவர்கள் இதைத்தான் சொன்னார்கள். 2022இல் மாஸ்டா இந்தக் கீழ்ப்படியையே எடுத்து '990எஸ்' என்று தனிக் கார் செய்தது. நிறையையே பெயராக வைத்தார்கள். சில்லுகளை இன்னும் இலேசாக்கினார்கள், முன்பக்கத்துக்கு பிரெம்போ பிரேக் கொடுத்தார்கள். அதற்குச் சாதாரண எஸ்ஸை விட விலை கூட. ஸ்பீட்ஸ்டருக்கு நடந்ததன் சின்ன வடிவம் இது.

அப்ப எதை எடுக்கிறது?

எங்களில் அநேகருக்கு இப்படியொரு கார் கைக்கெட்டாத விசயம். அது தெரிந்துதான் எழுதுகிறோம். கிரேட் என்ற கேள்வி போனிலும் மோட்டார்சைக்கிளிலும் கலியாண மண்டபத்திலும் எங்களிடம் வந்துகொண்டேயிருக்கிறது. கடன் வாங்கி ஒரு படி மேலே ஏறுகிறவர்கள் எங்கட வீடுகளிலேயே இருக்கிறார்கள். அந்த மேல்படி அடுத்த மொடல் வரும்போது நடுப்படியாகிவிடும். கடன் மட்டும் அதே இடத்தில் நிற்கும்.

இந்தக் கார்களின் வரலாற்றிலிருந்து இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பொருளை நான் எதற்காக வாங்குகிறேன், மேல்படியில் கூடுதலாகத் தருவது அந்த வேலைக்கு உதவுகிறதா? இரண்டாவது, அதைப் பிறகு பூட்டிக்கொள்ளலாமா, அல்லது இப்போதே எடுத்தால்தான் உண்டா? வெகன் ஆர் வாங்குகிறவருக்கு ரேடியோத் திரையைப் பிறகு பூட்டலாம். காற்றுப்பையைப் பூட்ட ஏலாது. மேல்படியில்தான் பாதுகாப்பு இருக்கிறது என்றால் மேல்படிக்கே போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீழ்ப்படியை எடுப்பது புண்ணியமும் இல்லை, மேல்படியை எடுப்பது பாவமும் இல்லை.

விருப்பப்பட்டுக் குறைவை எடுப்பதும், வேறு வழியில்லாமல் குறைவோடு வாழ்வதும் ஒன்றல்ல. 1958இல் கதவுப்பிடி இல்லாத ஸ்பிரைட்டை வாங்கிய எல்லாரும் எளிமையை விரும்பி வாங்கவில்லை, பலருக்கு அவ்வளவுதான் கட்டுப்படியானது. ஆனாலும் அவர்கள் கூரையை மடித்துவிட்டு ஓடினார்கள். கூடக் காசு கொடுத்தவருக்கு அடித்த அதே காற்றுத்தான் அவர்களுக்கும் அடித்தது.